நிலவறைக்கு இறங்கிய இரவு



வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. இந்த வாரத் தியானத்திற்காக நான் முதலில் ஆயத்தப்படுத்தியிருந்தது வேறொரு பகுதி. அதை எடுத்து வைத்துவிட்டு, இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக உங்களிடம் சொல்லாமல் தள்ளிப்போட்டு வந்த ஒரு காரியத்தை எழுதுகிறேன். பொறுமையோடு கடைசி வரை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இது ஓர் அறிக்கையிடுதலும் கூட.

மூன்று ஆண்டுகளுக்கு முன், இதேபோன்ற ஒரு மழைக்காலத்தில், கப்பலின் பின்னணியத்திலே நித்திரையாயிருந்த ஆண்டவரைக் குறித்து உங்களுக்குப் பிரசங்கித்தேன். உங்களில் சிலருக்கு அது நினைவிருக்கும். வானிலை அறிக்கையைக் கேட்டு நடுங்குகிறவன் கர்த்தருடைய வார்த்தையைக் கேட்காதவன் என்று அன்று சொன்னேன். அந்த வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆராதனை முடிந்தபின் பலர் என் கையைப் பிடித்து அதைப் பாராட்டினீர்கள். அதற்கடுத்த வாரம் பெய்த மழையில், ஓடைக்கரைத் தெருவில் ஓட்டு வீட்டில் தனியாக வசிக்கும் நம் சபைத் தாயார் ஒருவர், நிவாரண முகாமுக்கு வரமாட்டேன் என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டார். இரவில் தண்ணீர் இடுப்பளவு ஏறியபோது தெருவிலுள்ள வாலிபர்கள் அவரைத் தோளில் சுமந்து வெளியே கொண்டுவந்தார்கள். அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் எழுந்து நின்று, ஐயா பிரசங்கித்தபடியே விசுவாசமாய் வீட்டில் இருந்தேன், கர்த்தர் காப்பாற்றினார் என்று அவர் சொன்னார். நீங்கள் அல்லேலூயா என்றீர்கள். நானும் சொன்னேன். அந்த அல்லேலூயா என் தொண்டையில் எங்கோ சிக்கியது. ஆனாலும் பாராட்டை ஏற்றுக்கொண்டேன்.

அதற்கடுத்த ஆண்டு, ஆனி, ஆடி மாதங்களில், என் மனைவியும் நானும் மகளின் வீட்டிற்குச் சென்றிருந்தோம். அமெரிக்காவில் வடக்கு டக்கோட்டா மாநிலத்தின் கிழக்கு ஓரம். ஃபார்கோ நகரத்திற்கு அருகிலுள்ள சிற்றூர். பனியுகத்தின் கடைசியில் அங்கே பரந்து கிடந்த ஒரு மாபெரும் ஏரியின் அடித்தரைதான் இன்று ரெட் ரிவர் பள்ளத்தாக்கு எனப்படுகிறது. பள்ளத்தாக்கு என்று பேரே தவிர, அங்கே மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. கோதுமையும் சோயாவும் மக்காச்சோளமும் சர்க்கரைக் கிழங்கும் விளையும் வயல்கள் தட்டையாக அடிவானம் மட்டும் விரிந்திருக்கும். நூறு கிலோமீட்டருக்கு அப்பால் எழும்பும் மேகத்தின் உச்சியைக்கூட வாசலில் நின்று பார்க்கலாம்.

பக்கத்து வீட்டில் எழுபத்தைந்து வயதைக் கடந்த ஒரு விவசாயி இருந்தார். நார்வேயிலிருந்து குடியேறிய குடும்பத்தின் வழிவந்தவர். ஞாயிறுதோறும் ஆராதனைக்குத் தவறாதவர். நான் குருவானவர் என்று அறிந்தபின் மாலைதோறும் எங்கள் வாசலுக்கு வந்து அமர்வார். ஒரு நாள் காலையில் வானம் கழுவிவிட்டதுபோல் நீலமாயிருந்தது. எவ்வளவு இனிய நாள் என்று நான் சொன்னேன். அவர் தெற்கிலிருந்து வீசிய மென்மையான ஈரக்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு, இதைத்தான் நாங்கள் கவனிப்போம் என்றார். அன்று தொடங்கி அந்நாட்டு இடிமழையின் ஒழுங்கை அவரிடமிருந்தும் என் மருமகன் கொடுத்த நூல்களிலிருந்தும் கற்றுக்கொண்டேன். உங்களுக்கும் அதைச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் படைப்பின் ஒழுங்கை அறிவதும் படைத்தவரை அறிவதின் ஒரு பகுதியே.

அந்தச் சமவெளியில் கடும் இடிமழைக்கு ஒரு பருவம் உண்டு. குளிர்காலத்தில் அது பெரும்பாலும் இல்லை. நிலம் உறைந்து கிடக்கும். வசந்தம் வரும்போது தெற்கே மெக்சிகோ வளைகுடாவின் ஈரம் மெல்ல வடக்கு நோக்கி நகர்கிறது. வானத்தின் மேல்மட்டத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் வலிய காற்றோட்டமும் மாதம் செல்லச் செல்ல வடக்கே ஒதுங்குகிறது. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் கடும் புயல்கள் பிறக்கின்றன. ஆகவே வளைகுடாக் கரையோர மாநிலங்களில் மார்ச், ஏப்ரல் மாதங்களிலேயே ஆபத்து உச்சமடைகிறது. ஒக்லஹோமா போன்ற தென் சமவெளியில் மே மாதத்தில். டக்கோட்டாக்களிலோ ஜூன், ஜூலை மாதங்களில். ஜூலைக்குள் மக்காச்சோளப் பயிர் ஆளுயரம் வளர்ந்து, அதன் இலைகள் விடும் ஈரமும் காற்றில் சேர்ந்துவிடும். ஆகஸ்டு கழியும்போது உக்கிரம் தணியத் தொடங்கும்.

நாளுக்குள்ளும் ஒரு ஒழுங்கு உண்டு. மேற்கிலுள்ள உயர்ந்த வறண்ட நிலங்களிலிருந்து வரும் வெப்பக் காற்று, கீழேயுள்ள ஈரக் காற்றின்மேல் பானையின் மூடிபோல் கவிந்துகொள்ளும். காலையில் வானம் தெளிவாயிருப்பதற்கு இந்த மூடியும் ஒரு காரணம். மேகம் எழும்ப முயன்றாலும் அது விடாது. ஆனால் மூடிக்குக் கீழே சூரியன் பகலெல்லாம் அடுப்பு எரித்துக்கொண்டிருக்கிறது. ஜூன் மாதத்தில் அங்கே இரவு ஒன்பது மணிக்குப் பின்னரே சூரியன் மறையும் என்பதையும் நினைவில் வையுங்கள். பிற்பகலின் பின்பகுதியில் மூடி ஓரிடத்தில் உடைந்தால், அடைபட்டிருந்த ஈரமும் வெப்பமும் அந்த வழியாகப் பாய்ந்து ஏறும். ஒரு மணி நேரத்திற்குள் பன்னிரண்டு கிலோமீட்டருக்கும் மேலான மேகக் கோபுரம் எழும்பிவிடும். அந்தத் தெளிந்த காலை பாதுகாப்பின் அடையாளமன்று என்று முதியவர் சொன்னதன் பொருள் இதுதான். பல நாட்களில் மூடி உடைவதே இல்லை. சூரியன் மறைய எல்லாம் அடங்கிவிடும். அதனால்தான் மக்கள் ஏமாறுகிறார்கள்.

நம் ஊர்களில் கோடை இடிமழை பெரும்பாலும் மாலையில் வந்து இரவுக்குள் ஓய்ந்துவிடும் என்று எண்ணிப் பழகிய எனக்கு, அதற்கடுத்து நடப்பதே வியப்பாயிருந்தது. மேற்கே ராக்கி மலைகளின் அருகிலும், தெற்கு டக்கோட்டாவின் பிளாக் ஹில்ஸ் குன்றுகளின்மேலும் பிற்பகலில் தோன்றும் தனித்தனி மேகங்கள், கிழக்கு நோக்கி நகர நகர ஒன்றோடொன்று இணைந்து, பெரும் அணியாகிவிடும். சூரியன் மறைந்து தரை குளிர்ந்ததும், தரையின் உராய்விலிருந்து விடுபட்டு, சில நூறு மீட்டர் உயரத்தில் தெற்கிலிருந்து ஒரு வேகமான காற்று புறப்படும். வளைகுடாவின் ஈரத்தை அது இரவெல்லாம் அந்த அணிக்குக் கொண்டுவந்து ஊட்டும். ஆகவே மேற்கு டக்கோட்டாவில் மாலையில் இடிக்கும் புயல், கிழக்கு டக்கோட்டாவையும் மின்னசோட்டாவையும் மக்கள் உறங்கும் நேரத்தில் அடையும்.

இந்த ஒழுங்கின் உக்கிரத்தை அந்நிலம் பலமுறை கண்டிருக்கிறது. 1957 ஜூன் 20 அன்று மாலை ஃபார்கோ நகரத்தை டொர்னாடோ என்னும் சுழல்காற்று தாக்கியது; பத்துப் பேர் மாண்டார்கள்; ஒரே குடும்பத்தின் ஆறு பிள்ளைகள் அதில் அடக்கம். எங்கள் பக்கத்து வீட்டு முதியவர் அன்று சிறுவன். தகப்பனாரின் வயலில் நின்று அந்தக் கரும் தூணைக் கண்டதாகச் சொன்னார். அதை அன்று பலரும் புகைப்படம் எடுத்திருந்தார்கள். பேராசிரியர் டெட் ஃபுஜிட்டா அந்தப் படங்களைத் திரட்டி, நிமிடத்திற்கு நிமிடம் ஒப்பிட்டு ஆராய்ந்தார். சுழல்காற்று இறங்கும் மேகத்தின் பகுதிக்கு ‘சுவர் மேகம்’ என்ற பெயர் அந்த ஆராய்ச்சியிலிருந்தே வந்தது. 1972 ஜூன் 9 அன்று இரவு பிளாக் ஹில்ஸ் குன்றுகளின்மேல் இடிமேகங்கள் நகராமல் நின்றுவிட்டன. சில இடங்களில் ஆறு மணி நேரத்தில் ஏறத்தாழ 38 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ராப்பிட் சிட்டி நகரத்திலும் சுற்றுப்புறங்களிலும் 238 பேர் வெள்ளத்தில் மாண்டார்கள். 2010 ஜூலை 23 அன்று தெற்கு டக்கோட்டாவின் விவியன் என்ற சிற்றூரில் 20 சென்டிமீட்டர் குறுக்களவும் ஏறத்தாழ 880 கிராம் எடையும் கொண்ட ஆலங்கட்டி விழுந்தது. அமெரிக்காவில் அளவிடப்பட்டவற்றுள் அதுவே பெரியது. 2025 ஜூன் 20 அன்று, ஃபார்கோவுக்குத் தென்மேற்கேயுள்ள எண்டர்லின் என்ற ஊரருகே இரவு பதினொரு மணியளவில் சுழல்காற்று இறங்கி மூவர் உயிரிழந்தார்கள். அதன் வேகம் மிக உயர்ந்த வகையைச் சேர்ந்தது என்று அதே ஆண்டு அக்டோபரில் அறிவித்தார்கள். ஃபார்கோவைத் தாக்கிய அதே ஜூன் 20. இடையே அறுபத்தெட்டு ஆண்டுகள்.

இவ்வளவும் கேட்டு அறிந்த பின்னும் நான் செய்ததை இப்போது சொல்லவேண்டும்.

ஜூலை மாதத்தின் ஓர் இரவு. மருமகன் வேலை நிமித்தம் வெளியூர் சென்றிருந்தார். மாலையிலேயே அறிவிப்பு வந்திருந்தது. அங்கே இருவகை அறிவிப்புகள் உண்டு. முதலாவது, புயலுக்கு ஏற்ற சூழல் கூடியிருக்கிறது, கவனமாயிருங்கள் என்பது. அது பரந்த பகுதிக்குப் பல மணி நேரத்திற்கு விடுக்கப்படும். இரண்டாவது, புயல் இதோ வந்துவிட்டது, உடனே ஒதுங்குங்கள் என்னும் எச்சரிக்கை. ஆலங்கட்டி இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறையாமலோ, காற்று மணிக்கு 93 கிலோமீட்டருக்குக் குறையாமலோ இருந்தால்தான் அங்கே ‘கடும் இடிமழை’ என்பார்கள். இரவு பதினொன்றரை மணிக்குக் கைப்பேசிகள் ஒருசேர அலறின. ஊரின் அபாயச் சங்கு ஊதியது. என் மனைவி தண்ணீரும் கைவிளக்கும் எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கிவிட்டார். மகள் இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா, கீழே வாங்க."

நான் கட்டிலைவிட்டு எழவில்லை. நீங்கள் போய்ப் படுங்கள், நான் இங்கேயே ஜெபித்துக்கொள்கிறேன், கர்த்தர் காப்பார் என்றேன். உண்மையாகவே நான் பயப்படவில்லை. அதைக் குறித்துச் சற்றுப் பெருமையும் இருந்தது. நாளை இதை உங்களுக்கு எழுதவேண்டும் என்றுகூட ஒரு நினைவு ஓடியது.

"நீங்க வராம நான் இறங்க மாட்டேன்பா."

அவள் அசையவில்லை. மாடிப்படியின் தலைப்பில், பெரிய கண்ணாடிச் சாளரத்தின் அருகே, உறக்கம் கலைந்து அழுகிற குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். நான்கு நிமிடங்கள் இருக்கலாம். பிறகு, குழந்தைக்காக வருகிறேன் என்று முனகிக்கொண்டே எழுந்து இறங்கினேன். நிலவறையின் கதவைச் சாத்திச் சற்று நேரத்திற்குள் கூரையின்மேல் கருங்கற்களைக் கொட்டுவதுபோல் ஓசை எழுந்தது. பேச்சுக் கேட்கவில்லை. விளக்கு அணைந்தது. அரைமணி நேரத்திற்குப் பின் மேலே ஏறி வந்தபோது, மாடிப்படிச் சாளரம் உடைந்து படியெங்கும் கண்ணாடிச் சில்லுகள். என் கட்டிலருகே இருந்த சாளரமும் உடைந்து, தலையணை நனைந்து கிடந்தது. அதன்மேல் சாத்துக்குடி அளவில் ஓர் ஆலங்கட்டி.

பிரியமானவர்களே, தலையணையின்மேல் கிடந்ததைக் கண்டு நான் கலங்கவில்லை. படிகளைக் கண்டுதான் கால்கள் தளர்ந்தன. என் மகள் குழந்தையோடு நின்ற இடம் அது. என் விசுவாசம் என்று நான் எண்ணிக்கொண்டிருந்ததற்கு விலை கொடுக்க இருந்தவன் நானல்ல, அந்தக் குழந்தை. மகள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. துடைப்பத்தை எடுத்துச் சில்லுகளைக் கூட்டத் தொடங்கினாள். நானும் ஒரு முறத்தை எடுத்துக்கொண்டு அவளருகே குனிந்தேன்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. விளக்கு வந்தபின் அப்போஸ்தலருடைய நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தை வாசித்தேன். இறையியல் கல்லூரியில் படித்த நாள் தொட்டு எத்தனையோ முறை போதித்த பகுதி. ஆனால் அன்று புதிதாய் ஒன்றைக் கண்டேன். கிரேத்தா தீவின் நல்ல துறைமுகம் என்ற இடத்திலே, இனி பயணம் ஆபத்தானது என்று பவுல் எச்சரிக்கிறார். எந்த ஆதாரத்தில்? அங்கே தரிசனம் எதுவும் சொல்லப்படவில்லை. உபவாச நாள் கழிந்துவிட்டது என்று லூக்கா எழுதுகிறார். அதாவது, பாவநிவாரண நாள் கடந்து, கடற்பயணத்தின் காலம் முடிந்துவிட்டது. அப்போஸ்தலன் பருவத்தைக் கணக்கிட்டுப் பேசுகிறார். நூற்றுக்கு அதிபதியோ அவருக்குச் செவிகொடுக்கவில்லை. இதமான தென்காற்று வீசினதைக் கண்டு, நினைத்தது கைகூடியது என்று புறப்பட்டார்கள். பக்கத்து வீட்டு முதியவர் முகத்தில் வாங்கிய தென்காற்று எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

இன்னும் ஒன்று. நடுக்கடலில், கப்பலிலுள்ள ஒருவருடைய உயிரும் சேதமாகாது என்று தேவதூதன் மூலமாய்ப் பவுல் வாக்குத்தத்தம் பெற்றார். அதை நிச்சயமாய் நம்பினார். ஆயினும் கப்பலாட்கள் படகிலேறித் தப்பியோட முயன்றபோது, இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் பிழைக்க வழியில்லை என்னும் கருத்தில் போர்ச்சேவகரை எச்சரித்தார். வாக்குத்தத்தம் ஒருபுறம், கயிற்றை அறுத்துப் படகை விடும் வேலை மறுபுறம். பவுலுக்கு அவை முரணாகத் தோன்றவில்லை. 276 பேரும் கரை சேர்ந்தார்கள். தேவன் சொன்னபடியே சேர்ந்தார்கள். பலகைகளைப் பிடித்துக்கொண்டு சேர்ந்தார்கள்.

அப்படியானால் கட்டிலில் படுத்திருந்த நான் யாருக்கு ஒப்பானவன்? கப்பலில் நித்திரை செய்த ஆண்டவருக்கு என்று நினைத்திருந்தேன். தேவாலயத்து உப்பரிகையிலிருந்து தாழக் குதிக்கும்படி சோதனைக்காரன் சொன்னபோது, வேதவசனத்தைக் காட்டியே சொன்னான் என்பதை மறந்துபோனேன். ஆண்டவர் குதிக்கவில்லை. நானோ குதித்ததுமல்லாமல், மூன்று உயிர்களையும் என்னோடு விளிம்பில் நிறுத்தினேன்.

ஊர் திரும்பியதும் ஓடைக்கரைத் தாயாரைச் சந்தித்திருக்கவேண்டும். நாள் கடத்தினேன். கடந்த மாதம்தான் போனேன். நடந்ததைச் சொல்லி, என் பிரசங்கம் உங்களை ஆபத்தில் நிறுத்தியது, மன்னியுங்கள் அம்மா என்றேன். அவர் நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டுச் சொன்னார்: "எனக்கும் அன்னைக்குப் பயமாத்தான் இருந்துச்சு ஐயா. பயந்தா விசுவாசம் இல்லாதவளா ஆயிருவேனோன்னுதான் உட்கார்ந்திருந்தேன்." இதை எழுத அவரிடம் அனுமதி பெற்றேன்.

தண்ணீர் ஏறும் வீட்டில், பயத்தையும் வெளியே சொல்ல முடியாமல் ஒரு வயதான தாய் தனியே உட்கார்ந்திருந்தார். அந்தப் பாரத்தை அவர்மேல் வைத்தவன் நான். சபைக்கு முன்பாகச் சொன்னதை, சபைக்கு முன்பாகவே திரும்பப் பெறுகிறேன். வானிலை அறிக்கையைக் கேளுங்கள். முகாமுக்குப் போகச் சொன்னால் போங்கள். பயமாயிருந்தால் பயமாயிருக்கிறது என்று சொல்லுங்கள். இவையெல்லாம் அவிசுவாசமல்ல. மேற்கே மேகம் எழும்பக் கண்டால் மழை வரும் என்று சொல்லத் தெரிந்த ஜனங்களை ஆண்டவர் கடிந்துகொண்டபோது, மேகத்தைப் பார்த்ததற்காக அவர் கடிந்துகொள்ளவில்லை. அதைப் பார்க்கத் தெரிந்தும் காலத்தை நிதானிக்காததையே கேட்டார்.

1972 வெள்ளத்திற்குப் பின் ராப்பிட் சிட்டி மக்கள் ஒரு தீர்மானம் எடுத்தார்கள். ஓடை பாய்ந்து அழித்த கரைகளில் மீண்டும் வீடு கட்டாமல், அந்நிலத்தைப் பூங்காக்களாக்கினார்கள். பிள்ளைகள் அங்கே பகலில் விளையாடுகிறார்கள். இரவில் அங்கே உறங்குகிறவர் இல்லை. துக்கத்திலிருந்து கற்றுக்கொள்வதும் மனந்திரும்புதலின் ஒரு வடிவம் என்று எண்ணுகிறேன்.

நாமும் ஒன்று செய்வோம். இந்த மழைக்காலம் முடியும் வரை நம் ஆலயக் கூடம் இரவும் பகலும் திறந்திருக்கும். பாயும் போர்வையும் அடுக்கி வைத்திருக்கிறோம். வாலிபர் சங்கத்தார் தாழ்வான தெருக்களில் தனியே வசிப்போரின் பெயர்களை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், சபையைச் சேர்ந்தவராயினும் அல்லாதவராயினும், பெயரைக் கொடுங்கள். எச்சரிக்கை வரும் இரவில் அவருடைய வாசலுக்குப் போய் நில்லுங்கள். வரமாட்டேன் என்றால், நீங்கள் வராமல் நான் போகமாட்டேன் என்று சொல்லுங்கள். என் மகள் எனக்குச் சொன்னது அதுதான்.

ஜெபிப்போம்: பரலோகப் பிதாவே, பருவங்களையும் வேளைகளையும் ஒழுங்குபடுத்துகிறவரே, மேகத்தைக் கவனிக்கக் கண்களும் எச்சரிப்பைக் கேட்கச் செவிகளும் தந்தீர். எங்கள் பெருமையை விசுவாசம் என்று பெயரிட்டு அழைத்த குற்றத்தை மன்னியும். இந்த மழைக்காலத்தில் தனித்திருக்கிறவர்களின் வாசலில் எங்களை நிறுத்தும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.